குப் என்று சொன்னவள்

மனைவி மாரீன் இறந்து மூன்றாவது குளிர்காலத்தில்தான் அவளுடைய குரல் தன்னை விட்டுப் போய்விட்டது வெர்லன் ஜெப்சனுக்குத் தெரிந்தது. காலையில் ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தவர், அவள் இருந்திருந்தால் இந்நேரம் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தார். அடி பிடிக்கிறது, தீயைக் குறையுங்கள் என்றிருப்பாள். வார்த்தைகள் வரிசையாக வந்தன. ஆனால் அவற்றைச் சொல்லும் குரல் வரவில்லை. எல்லாம் அவருடைய சொந்தக் குரலிலேயே வந்தன. கரண்டியைப் பிடித்தபடி நின்று மறுபடி முயன்றார். கஞ்சி அடிபிடித்ததுதான் மிச்சம்.

முகத்துக்குக் குறைவில்லை. கூடத்துச் சுவரில், பியானோமேல், குளிர்பெட்டிக் கதவில் என்று வீடு முழுக்க அவள் முகம் இருந்தது. குரல்தான் எங்கும் இல்லை. மகள் ஜனேலின் கல்யாண வீடியோவில்கூட, படம் எடுப்பவன் பக்கத்தில் வந்ததும் மாரீன் கேக் தட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நழுவிவிடுகிறாள். தொலைபேசியில் ஆள் இல்லாதபோது பதில் சொல்லும் பெட்டியில் பதிந்திருப்பது வெர்லனின் குரல். அது வாங்கிய புதிதில் அவளைப் பேசச் சொன்னார். அவள் கை ஈரமாக இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

மார்மன் சபைக்காரர்கள் நல்லவர்கள். சாவு விழுந்த வாரத்தில் பெண்கள் கொண்டுவந்த பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு, குளிர்பெட்டி கொள்ளாமல் கார் நிறுத்தும் கொட்டகை வரை வந்துவிட்டது. ஆலயத்தில் நித்தியத்துக்கும் கணவன் மனைவியாகச் சேர்த்து முத்திரை இடப்பட்டவர்கள் நீங்கள், அவரைத் திரும்பக் காண்பீர்கள் என்று பிஷப் வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வெர்லன் அதை நம்பினார். கிழக்கே சூரியன் உதிக்கும் என்று நம்புவதைப் போல, யோசிக்காமல் நம்பினார். ஆனால் அவருக்கு இப்போது வேண்டியிருந்தது நித்தியம் அல்ல. சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை, அடுத்த அறையிலிருந்து பேர் சொல்லி ஒரு கூப்பிடல், அவ்வளவுதான். இதைப் பிஷப்பிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தலையை ஆட்டி அனுப்பிவைத்தார்.

அவர் வேலை பார்த்தது யூட்டாவின் கேஷ் பள்ளத்தாக்கில் இருந்த பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில். இந்தப் பக்கம் முதலில் குடியேறிய மார்மன் குடும்பங்களின் காகிதங்களும், அதற்கும் முன்னால் கிழக்குக் கரையில் ஊர் ஊராகக் கூடாரம் போட்டு ஜெபித்த பல மதத்தாரின் பிரசங்கங்களும் அங்கே பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருந்தன. வருகிற காகிதங்களைப் பிரித்து, துரு ஏறிய குண்டூசிகளைப் பிடுங்கி, இன்னது இன்ன பெட்டியில் என்று எழுதிவைப்பது அவர் வேலை. ஓய்வு பெறும் வயது தாண்டியும் வாரத்தில் பாதி நாள் வந்துகொண்டிருந்தார். வீட்டில் இருந்து என்ன செய்ய?

அந்த ஜனவரியில் பேர் லேக் என்ற ஏரிப் பக்கமிருந்து ரீவா ஹ்யூம் என்ற அம்மாள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய பூட்டியார் ஆலிஸ் எழுதிய தாள்கள். குடும்பத்தில் யாருக்கும் ஒரு வரி படிக்கத் தெரியாது, ஏனென்றால் எல்லாம் தெசரெட் எழுத்தில் இருந்தது. குடியேறிய முதல் தலைமுறையில், டேனிஷ்காரரும் வேல்ஸ்காரரும் ஆங்கில எழுத்துக்கூட்டலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, ஒலிக்கு ஓர் எழுத்து, பேசுகிறபடியே எழுதலாம் என்று சபைத் தலைவர்கள் புதிதாக உண்டாக்கிய எழுத்து அது. பாலபாடம் அச்சடித்தார்கள், சில இடங்களில் சொல்லியும் கொடுத்தார்கள். பிறகு அது அப்படியே கைவிடப்பட்டது. ஆலிஸ் இங்கிலாந்தின் லங்காஷயரில் பஞ்சாலையில் வேலை செய்தவள், எழுதப் படிக்கத் தெரியாமல் கப்பலேறி வந்தவள். இங்கே வந்து முதலில் கற்றது அந்த எழுத்து. மற்றவர்கள் விட்ட பிறகும் அவள் விடவில்லை.

ஜூலையில் குடும்பமெல்லாம் ஒன்றுகூடப் போகிறோம், அதற்குள் யாராவது சாதாரண எழுத்தில் மாற்றித் தந்தால் நன்றாயிருக்கும் என்றார் ரீவா. அங்கே அந்த எழுத்து தெரிந்தவர் வெர்லன் ஒருவர்தான், அதுவும் திக்கித் திணறி. மேலாளர் லுவான் பெட்டியை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

முதல் தாளில், பாத்திரங்களைப் பற்றிய ஒரு வரியில், 'கப்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'குப்' என்று இருந்தது. எழுத்து மாறிவிட்டது, பாவம், புதிதாகக் கற்றவள்தானே என்று நினைத்துக்கொண்டு மேலே போனார். அடுத்த வரியில் 'பட்டர்' வரவேண்டிய இடத்தில் 'புட்டர்'. அதற்கடுத்து 'ஹவுஸ்' என்பது 'அவுஸ்' என்று வந்தது. பென்சிலைக் கீழே வைத்தார். இது பிழையில்லை. அவள் பேசியது அப்படி. பேசியபடி எழுதியிருக்கிறாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. வெர்லன் அந்த வரியை வாய்விட்டு, அவள் எழுதியபடியே படித்தார். மறுபடியும் படித்தார். மூன்றாம் முறை படிக்கும்போது, வாய் அவருடையதாக இருந்தாலும் குரல் மாரீனுடையதாக இருந்தது.

மாரீனும் லங்காஷயர்தான். பிரஸ்டன் ஊரில், தூறலில், சுவிசேஷம் சொல்ல வந்த இரண்டு இளைஞர்களுக்கு அவள்தான் கதவைத் திறந்தாள். நனைந்து நின்றவர்களைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க, ஒரு குப் டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். எங்கள் மதத்தில் டீ குடிப்பதில்லை என்று, இருவரில் ஒருவராக நின்ற வெர்லன் கூச்சத்தோடு சொன்னார். "டீயே இல்லைன்னா இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து என்னத்தச் சொல்லப் போறீங்க?" என்றாள் அவள். அந்த வருஷமே ஞானஸ்நானம் வாங்கினாள். அவர் ஊர் திரும்பி, கடிதங்கள் போய் வந்து, கடைசியில் ஒரே ஒரு பெட்டியோடு யூட்டா வந்து சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு அவருடைய நாட்களுக்கு ஒரு ருசி வந்துவிட்டது. காலையில் முதல் ஆளாகக் கீழ்த்தளத்துக்குப் போய்விடுவார். ஆலிஸ் பெரிதாக எதுவும் எழுதவில்லை. கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது, பசு கன்று போட்டது, மேகம் வந்தது, மழை பெய்யும் என்று துணிகளை எடுத்தேன், பெய்யவில்லை. பக்கத்து டேனிஷ் வீட்டுக்காரிக்கு நான் பேசுவது புரியவில்லை, எனக்கு அவள் பேசுவது புரியவில்லை, இரண்டு பேரும் வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று சிரித்தோம். ஊரிலிருந்து கொண்டுவந்த டீத்தூள் தீர்ந்தது, டப்பாவை மட்டும் திறந்து மோந்து பார்த்தேன். வெர்லன் ஒவ்வொன்றையும் அவள் சொன்னபடி மெல்ல உச்சரித்துப் படித்துவிட்டு, அப்புறம்தான் சாதாரண எழுத்தில் எழுதினார். வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார். வீட்டுக்கு வந்தும் அது நிற்கவில்லை. "புட்டர் எங்க வச்சீங்க, வெர்லன்?" என்று காலியான அடுப்படியில் தானே கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டு, பதிலும் சொல்வார்.

பிப்ரவரி முடிவில் லுவான் அவர் மேசைக்கு வந்து நின்றாள்.

"ஹ்யூம் பெட்டி இன்னும் முடியலையா, வெர்லன்? நீங்க இவ்வளவு மெதுவா வேலை பாக்கிற ஆளில்லையே."

"கையெழுத்து கொஞ்சம் மோசம்" என்றார் வெர்லன்.

கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. லுவான் குனிந்து தாளைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். அவளுக்கு அந்த எழுத்து தெரியாது, ஆனால் மனிதர்களைத் தெரியும். ஜூலைக்குள் முடிந்தால் சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பெட்டியின் பாதிக்குக் கீழே போனபோதுதான் அது தொடங்கியது. ஆலிஸுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்து, மூத்தவன் பள்ளிக்கூடம் போகிற சமயம். 'அவுஸ்' என்று எழுதிக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் 'ஹவுஸ்' என்று எழுதியிருந்தாள். வெர்லன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில தாள்கள் கழித்து ஒரே பக்கத்தில் மேலே 'குப்', கீழே 'கப்'. வேறு யாராவது எழுதியதோ என்று முன் தாள்களை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அதே கைதான். தாள்கள் போகப் போக 'குப்' அரிதாயிற்று, பிறகு நின்றே போயிற்று. கடைசி வருஷங்களின் ஆலிஸ், பேர் ஏரிக்கரையில் பிறந்த எந்தப் பெண்ணும் பேசுவதைப் போலப் பேசினாள். தான் மாறிவிட்டதாக அவள் ஒரு வரி எழுதவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

ஒருத்தி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, திரும்பிப் பாராமல் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் போல இருந்தது வெர்லனுக்கு. அன்று சீக்கிரமே பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வழக்கம்போல் ஜனேல் வீட்டில் சாப்பாடு. மாட்டிறைச்சி வறுவல், பச்சை ஜெல்லி. பேரப்பிள்ளைகள் எழுந்து ஓடியதும், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகளிடம் ஆலிஸைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்ல உற்சாகம் வந்து, அந்த டீத்தூள் டப்பா வரியை அவள் பேச்சிலேயே பேசிக் காட்டினார். ஜனேல் சிரித்தாள்.

"உங்க அம்மாவேதான், இல்ல?" என்றார் வெர்லன்.

ஜனேல் தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டுத் திரும்பினாள். "அம்மா அப்படிப் பேச மாட்டாங்களேப்பா."

"பிரஸ்டன்ல பொறந்தவ வேற எப்படிப் பேசுவா?"

"பொறந்தது அங்கதான். ஆனா நான் கேட்டு வளர்ந்தது வேற. என் சிநேகிதிங்க ஒருத்தர்கூட அம்மா வெளியூர்னு கண்டுபிடிச்சதில்ல. ஷீலா பெரியம்மாகிட்ட போன்ல பேசுறப்ப மட்டும் திடீர்னு வேற ஆளா மாறிடுவாங்க. நாங்க கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுச் சிரிப்போம்."

"கப்புக்கு என்ன சொல்லுவா?"

"கப்னுதான்ப்பா சொல்லுவாங்க."

"நாப்பது வருஷம் அவகூட இருந்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

குரல் சற்று உயர்ந்துவிட்டது. ஜனேல் பதிலுக்கு உயர்த்தவில்லை. துணியை மடித்து ஓரமாக வைத்தாள். "தினம் பாத்துட்டு இருந்தா தெரியாதுப்பா. நான் வளந்துட்டேன்னு நீங்க ரெண்டு பேரும் சொன்னதே இல்ல. போட்டோ பாத்துட்டு ஷீலா பெரியம்மாதான் எழுதுவாங்க, என்னடி கொடிக்கம்பமாட்டம் நிக்கிறாளேன்னு" என்றாள். பிறகு, "உங்களக் கஷ்டப்படுத்தணும்னு சொல்லல" என்றாள்.

அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வண்டியைக் கிளப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் பனி படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. மகள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் வலித்தது. இத்தனை வாரமாக அவர் மீட்டெடுத்து வைத்திருந்தது, பிரஸ்டனில் மழையில் கதவைத் திறந்த இருபத்தோரு வயதுப் பெண்ணின் பேச்சு. அவளை அவருக்குச் சில மாதங்களே தெரியும். அவரோடு குடித்தனம் நடத்தி, பிள்ளை பெற்று, தோட்டத்தில் தக்காளி போட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கையைப் பிடித்தபடி இறந்தவள் வேறொருத்தி. அவளுடைய குரல் இன்னும் கிடைக்கவில்லை. அது எப்படி இருந்தது என்பதைக்கூட அவர் கவனித்து வைக்கவில்லை.

மார்ச் முழுக்க உட்கார்ந்து ஹ்யூம் தாள்களை முடித்தார். இப்போது மெதுவாகச் செய்ய எந்தக் காரணமும் இல்லை. குடும்பத்துக்குச் சாதாரண எழுத்தில் ஒரு பிரதி. கூடவே, அவள் எப்படி உச்சரித்தாளோ அப்படியே காட்டுகிற இன்னொரு பிரதியும் செய்து, அதையும் பெட்டியிலேயே வைக்கலாமா என்று லுவானிடம் கேட்டார். யார் படிக்கப் போகிறார்கள் என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தார். அவள் கேட்கவில்லை. புது உறை ஒன்றை எடுத்துக் கொடுத்து, அதன்மேல் என்ன எழுதவேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

பிரதியை வாங்க ரீவா ஹ்யூம் நேரிலேயே வந்தார். கையில் ஏரிக்கரை ராஸ்ப்பெர்ரி ஜாம் ஒரு பாட்டில். அங்கேயே நின்று இரண்டு பக்கம் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பிரதர் ஜெப்சன், நீங்க எல்லாத்தையும் படிச்சிருக்கீங்க. அவளுக்கு இந்த ஊர் பிடிச்சுதா? வந்ததுக்கு வருத்தப்பட்டாளா? எங்க அம்மா கடைசி வரைக்கும் இதையேதான் கேட்டுட்டு இருந்தாங்க."

வெர்லன் பெட்டியின் மூடியில் கையை வைத்தார். "அவ எங்கயும் சொல்லல. மழைக்காக ஏங்கியிருக்கா, அது தெரியுது. ஆனா கடைசியில நம்மள மாதிரியேதான் பேசுறா."

ரீவா அந்தத் தாள்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அது போதும் என்பது போலத் தலையசைத்துவிட்டு, ஜாமைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை காலை வெர்லன் ஷீலாவுக்கு போன் செய்தார். மாரீனின் அக்காள், பிரஸ்டனிலேயே இருப்பவள். இந்த மதமெல்லாம் அவளுக்கு ஆகாது. தன் தங்கையைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவன் என்று ஒரு காலத்தில் அவர் பேரைக்கூடச் சொல்லமாட்டாள். ஆலயத்தில் நடந்த கல்யாணத்துக்கு வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், வர நினைத்திருந்ததையும் விட்டுவிட்டாள். சாவுக்கு வர இடுப்பு எலும்பு இடம் கொடுக்கவில்லை. அடக்கம் முடிந்து வெர்லன் ஒரு படம் அனுப்பியதோடு சரி, அப்புறம் பேச்சில்லை. எண்களை அழுத்தும்போது, எடுக்காவிட்டாலும் நல்லதுதான் என்று நினைத்தார்.

எடுத்துவிட்டாள். யார் என்று சொன்னதும் அந்தப் பக்கம் டி.வி. சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு, "நல்லாருக்கியா, கண்ணு?" என்றாள்.

வெர்லன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். எல்லாம் அப்படியே இருந்தது, அந்த 'உ'கரங்கள், விழுங்கிய ஹகரங்கள், ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு கண்ணு. ஆனால் மாரீன் இல்லை. சிகரெட் பிடித்துக் கரகரத்துப்போன, வேறு யாரோ ஒரு கிழவியின் குரல். ஜாடை எங்காவது தட்டுப்படும் என்று காத்திருந்தார். தட்டுப்படவில்லை. இடுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். ஜனேலின் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். இனி என்ன பேசுவது என்று தெரியாமல், வைத்துவிடலாம் என்ற நினைப்போடு, ராத்திரி மலையில் மறுபடி பனி விழுந்திருக்கிறது என்றார்.

மலைக்கு அவர் சொன்ன 'மவுண்டன்' என்ற சொல்லில், அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் எல்லோரையும் போல, நடுவிலிருக்கும் எழுத்தைத் தொண்டையில் முழுங்கிவிட்டு 'மவுன்-ன்' என்றார்.

"அத இன்னொரு தடவ சொல்லு" என்றாள் ஷீலா.

"எத?"

"மலைன்னு சொன்னியே, அத."

சொன்னார்.

அவள் குரல் இறங்கியிருந்தது. "எங்க மாரீன் அப்படித்தான் சொல்லுவா. தொண்டையில மீன்முள்ளு சிக்கிருச்சாடின்னு கேலி பண்ணுவேன். மூணு வருஷமாச்சு கண்ணு, அந்தப் பேச்சக் கேட்டு."

"ஆனா போன்ல உங்ககிட்ட அவ உங்க ஊர்ப் பேச்சுதான் பேசுவான்னு ஜனேல் சொன்னாளே."

"எங்க ஊர்ப் பேச்சா? நான் போன வச்சதும் எங்க வீட்டுக்காரர் கேப்பாரு, யாரு, அந்த அமெரிக்காக்காரியான்னு." அவள் சிரிக்கப் பார்த்தாள், அது சரியாக வரவில்லை. "உன் குரல் ஆம்பளக் குரல்தான். ஆனா வார்த்தைய அவ விடுற மாதிரியே விடுற. வேற ஏதாச்சும் சொல்லு."

"என்ன சொல்லட்டும்?"

"எதையாச்சும் சொல்லேன். ஜன்னல்ல என்ன தெரியுது?"

வெர்லன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வாயைத் திறக்க முதலில் கூச்சமாக இருந்தது. பின்கட்டு ஓடையில் ஓரத்துப் பனிக்கட்டி உடைந்து தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது என்றார். வேலியில் ஒரு காக்கை உட்கார்ந்திருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டரை வெளியே எடுத்து மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றார். தக்காளிப் பாத்தி இன்னும் பனிக்கு அடியில்தான் கிடக்கிறது, இந்த வருஷம் நாற்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன் என்றார். ஓரிரு முறை ஷீலா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஓடையைக் குறிக்கும் 'க்ரீக்' என்ற சொல்லைத் தன் ஊர்க்காரர்கள் குறுக்கிச் சொல்வது போல 'கிரிக்' என்றபோது, தன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை வெர்லன் தானும் நின்று கேட்டார். அதில் அவள் இருந்தாளா என்று அவரால் சொல்ல முடியவில்லை. இருக்கலாம்.

"இன்னும் சொல்லு, கண்ணு" என்றாள் ஷீலா.

ஒரு கையால் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவர் மேலே சொல்லத் தொடங்கினார்.